முப்பது ஆண்டுகள் காத்திருந்த பாவாடை

சென்ற ஆடிப் பதினெட்டு அன்று குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடியது. ஊரே காதோலை கருகமணியும் சித்திரான்னமும் எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போயிற்று. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் யாரும் போகவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து, அம்மாவுக்கு இரண்டாம் சுற்று மருந்து ஏற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்கள் அவை. கூட்டத்திற்குள் போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தலைமுடி கொட்டத் தொடங்கியிருந்ததால், தலையில் கட்டிக்கொள்ள மெல்லிய பருத்தித் துணி ஒன்று வேண்டும் என்று அம்மா கேட்டார். அதைத் தேடித்தான் சகோதரிகள் இருவராகிய நாங்கள் பரணிலிருந்த தகரப் பெட்டியைக் கீழே இறக்கினோம்.

தேடிய துணி கிடைத்தது. அதற்கு அடியில், பழைய வேட்டித் துண்டில் முடிந்து வைத்த பொட்டலம் ஒன்றும் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால், மயில்கழுத்து நிறப் பட்டு, அரக்குக் கரை, ஒரே அளவில் வெட்டப்பட்ட துண்டுகள். துண்டுகளின் ஓரத்தில் சாக்கட்டிக் கோடு மங்கலாகத் தெரிந்தது. குண்டூசிகள் துருவேறித் துணியோடு ஒட்டியிருந்தன. இரண்டு துண்டுகள் மட்டும் பாதிவரை இயந்திரத் தையலால் இணைக்கப்பட்டு, நூல் அறுக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. காலண்டர் தாளின் பின்புறத்தில் அம்மாவின் கையெழுத்தில் ‘இடுப்பு 22, உயரம் 26’ என்று எழுதியிருந்தது.

“அது சின்னவளுக்குப் பொங்கலுக்கென்று வெட்டியது. முடிக்க நேரம் வரவில்லை” என்றார் அம்மா.

எங்களில் சின்னவளுக்கு இப்போது வயது 36.

மருந்து மேசையான தையல் இயந்திரம்

அந்தப் பட்டு, 1984-இல் அம்மாவின் திருமணத்திற்காகத் திருபுவனத்தில் எடுத்த சேலை. கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தின் பட்டு நெசவைத் தஞ்சை வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. அங்கே 1955 முதல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. 2019-இல் திருபுவனம் பட்டுச்சேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விசிறியைப் போல மடித்துத் தரும் ‘விசிறி மடிப்பு’ அந்தச் சேலையின் அடையாளங்களுள் ஒன்று.

கட்டிப் பழகிய பட்டுச்சேலையைப் பெண் குழந்தைக்குப் பாவாடையாக வெட்டித் தைப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். ஆயினும் திருமணச் சேலையில் கத்தரிக்கோல் வைப்பது எளிதன்று. வெட்டிய சேலை மீண்டும் சேலையாகாது. 1994 மார்கழியில் அம்மா துணிந்து வெட்டினார். முதல் இரண்டு துண்டுகளை இணைத்துக்கொண்டிருந்த நாளில்தான் எங்கள் அப்பாயிக்குப் பக்கவாதம் வந்தது. தையலை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்த அம்மா, மீண்டும் அந்த இயந்திரத்தின் முன் உட்காரவேயில்லை.

அப்பாயி நான்கு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். கட்டிலுக்கு அருகில் மேசை வேண்டியிருந்தது. தையல் இயந்திரத்தை நகர்த்தி அங்கே போட்டு, தலைப்பகுதியை உள்ளே மடக்கி, மேற்பலகையின்மீது மருந்துப் புட்டிகளையும் கஞ்சிக் கிண்ணத்தையும் வைத்தார்கள். நாங்கள் வளர்ந்த காலத்தில் அது எங்களுக்கு மருந்து மேசைதான். அதற்குள் ஓர் இயந்திரம் மடங்கிக் கிடக்கிறது என்பதே நினைவிலிருந்து போய்விட்டது. அப்பாயி காலமானபோது சின்னவளுக்கு வயது பதினொன்றை நெருங்கியது. 22 அங்குல இடுப்பளவு பயனற்றதாகிவிட்டது. அம்மா பொட்டலத்தை முடிந்து பெட்டியில் வைத்தார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் இப்போது ஒருவரைப் பேணிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதேனும் பாதியில் நின்றிருக்கலாம்: பின்னத் தொடங்கிய கூடை, தைக்கத் தொடங்கிய ரவிக்கை, எழுதத் தொடங்கிய தேர்வு. அது சோம்பலால் நின்றதன்று. ஒருவருக்கு நேரத்தைக் கொடுத்ததால் நின்றது. ஆனால் நிறுத்தியவர் மனத்தில் அது குற்றம்போலவே தங்கிவிடுகிறது. “நல்ல சேலையை வீணாக வெட்டிப் போட்டேன்” என்று அன்று அம்மா சொன்னபோதுதான், முப்பது ஆண்டுகளாக அவர் அதை எப்படி நினைத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

சின்னவளின் மகளுக்கு வரும் தையில் ஏழு வயது நிறையும். “அவளுக்குத் தைத்துவிடலாமே” என்றோம். அம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கை மரத்துப்போகிறது, தைக்க முடியாது என்றார். “நாங்கள் தைக்கிறோம், நீங்கள் சொல்லுங்கள்” என்றோம். “பார்க்கலாம்” என்றார்.

வேறொருவர் கை முடித்தால்

நாங்கள் முடித்தால் அது அம்மாவின் பாவாடை ஆகுமா என்ற தயக்கம் எங்களுக்கும் இருந்தது. அதற்கு விடை தேடியபோது, உலகின் இன்னொரு மூலையில் இதையே பணியாகச் செய்பவர்களைப் பற்றி அறிந்தோம்.

அமெரிக்காவில் மேசி கேப்ளன், ஜென் சிமோனிக் என்னும் தோழியர் இருவர். இருவரும் பின்னல் வேலை அறிந்தவர்கள். அவர்களுடைய தோழி ஒருவரின் தாயார் இறந்தபோது பாதியில் விட்டுச் சென்ற பின்னல் போர்வைகள் வீட்டில் இருந்தன. அவற்றைக் கண்டதிலிருந்து பிறந்த எண்ணத்தின்படி, 2022-இல் இருவரும் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். முடியிடாமல் தொங்கும் நூல் முனைகள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஒருவர் இறந்ததாலோ, நோயாலும் உடல் இயலாமையாலும் கை ஓய்ந்ததாலோ நின்றுபோன பின்னல், தையல், ஒட்டுத்துணிப் போர்வை முதலியவற்றைக் குடும்பத்தார் அவர்களுக்குத் தெரிவிக்கிறார்கள். அந்தக் கைவேலை அறிந்த தன்னார்வலர் ஒருவரை, இயன்றவரை அருகிலேயே தேடி, அமைப்பு அவர்களோடு இணைத்துவிடுகிறது. வேலைக்குக் கூலி கிடையாது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் இதில் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

முன்பின் அறியாத ஒருவர், மறைந்தவர் போட்ட கடைசித் தையலைக் கண்டுபிடித்து, அதிலிருந்து தொடர்கிறார். பழைய தையலைப் பிரித்துத் தம் விருப்பப்படி மாற்றுவதில்லை. தொடங்கியவர் எண்ணியதை முடிப்பதே அவருடைய வேலை. அப்படி முடிந்த போர்வையைப் பெறும் குடும்பம் அதை ‘அம்மாவின் போர்வை’ என்றே சொல்லும்.

அந்நியர் முடித்தாலே அப்படியென்றால், மகள்கள் முடித்தால் என்ன? எங்களுக்குக் கிடைத்த வாய்ப்போ இன்னும் பெரிது. தொடங்கியவரே அருகில் இருந்தார். கேட்டுக் கேட்டுத் தைக்கலாம்.

துணி சொன்ன சேதி

முதலில் இயந்திரத்தை எழுப்பினோம். மிதிகட்டையையும் சக்கரத்தையும் இணைக்கும் தோல் வார் விரிசல் விட்டிருந்தது. புதிய வார் மாட்டினோம். ஊசிக்குக் கீழுள்ள தகட்டைக் கழற்றி, அடியில் அடைந்திருந்த பஞ்சையும் தூசியையும் துரிகையால் எடுத்தோம். தையல் இயந்திர எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் ஓரிரு சொட்டு விட்டு, ஊசியில் நூல் இல்லாமல் சிறிது நேரம் மிதித்தோம். பின்னர் வேண்டாத துணியில் ஓட்டி, கசிந்த எண்ணெயைத் துடைத்தோம். பட்டுக்கு மெல்லிய ஊசி வேண்டும் என்று அம்மா சொன்னதால் 11-ஆம் எண் ஊசி வாங்கினோம்.

இயந்திரங்களின்மீது ஐயம் கொண்டிருந்த காந்தியடிகள் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டவற்றுள் தையல் இயந்திரமும் ஒன்று. 1924-இல், பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன் கேட்ட கேள்விக்கு விடையளிக்கையில் அவர் அதைக் குறிப்பிட்டார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைக் கண்ட சிங்கர், அவள்மீது கொண்ட அன்பினால் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன விளக்கம். அம்மாவின் களைப்பைக் குறைக்க அதே இயந்திரம் எங்களுக்கும் உதவியது.

துணிதான் எங்களைச் சோதித்தது. மடித்த மடிப்பிலேயே முப்பது ஆண்டுகள் கிடந்த பட்டு, மடிப்பு விழுந்த கோடெல்லாம் இற்றிருந்தது. விரித்தபோது இரண்டு இடங்களில் சத்தமின்றிப் பிரிந்தது. ஒரே கோட்டில் மடிந்தே இருந்தால் பட்டிழை அந்த இடத்தில் நாளடைவில் நைந்துவிடும். ஆகவேதான் பட்டை ஆண்டுக்கு ஓரிரு முறை வெளியில் எடுத்து, நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி மடித்துப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்கிறார்கள். வெயிலும் நெகிழிப் பையும் பட்டுக்கு ஆகாதவை. பூச்சி உருண்டை சரிகையில் நேராகப் படக் கூடாது.

கோயில் தேருக்குச் சீலையும் தொம்பையும் தைக்கும் முதியவர் ஒருவரிடம் துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினோம். தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகளில் இது வழிவழியாக வரும் தொழில். பல நிறத் துணிகளைப் பூவாகவும் யாளியாகவும் வெட்டி, உறுதியான அடித்துணியின்மேல் வைத்துத் தைப்பார்கள். அவர் பட்டை விரலால் நிமிண்டிப் பார்த்தார். “இதை இழுக்கிற மாதிரி எதுவும் செய்யக் கூடாது. அடியில் பருத்தி கொடுங்கள். பளுவை அது தாங்கட்டும், பட்டு சும்மா மேலே இருக்கட்டும்” என்றார்.

அப்படியே செய்தோம். இற்ற மடிப்புக் கோடுகளை வெட்டி நீக்கினோம். மூன்று மீட்டர் வந்திருக்க வேண்டிய சுற்றளவு இரண்டே கால் மீட்டர் ஆயிற்று. துவைத்துச் சுருக்கம் எடுத்த மல்துணியை ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் வைத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டு இரண்டையும் சேர்த்தோம். இடுப்புப் பட்டியைப் பருத்தியிலேயே தைத்தோம். சரிகை கறுத்திருந்தது. மெருகேற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஊசி எடுக்கும் முன்

சிகிச்சையில் இருப்பவர் தையல் வேலையில் ஈடுபடுவதற்கு முன் மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் கேட்டபோது தெரிந்துகொண்டவை இவை:

புற்றுநோய் மருந்துகளுள் சில, விரல்நுனி நரம்புகளைப் பாதித்து மரத்துப்போகச் செய்யும். நீண்டநாள் நீரிழிவும் அப்படியே. மரத்த விரலில் ஊசி குத்தினாலும் தெரியாமல் போகலாம். ஆகவே விரலுக்கு அங்குஸ்தான் அணிவது அவசியம். ஊசி வேலையை மற்றவரிடம் கொடுத்துவிட்டுத் துணி பிடித்தல், அளத்தல், நூல் தேர்தல் ஆகியவற்றை மட்டும் நோயாளி செய்வது இன்னும் பாதுகாப்பானது.

அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துக் கை எளிதில் வீங்கக்கூடும்; சிறு காயமும் அங்கே தொற்றாக மாறலாம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் ஊசி, கத்தரிக்கோல் இரண்டையும் நோயாளி தொடாதிருப்பதே நலம். குத்திய இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவருக்குச் சிறு குத்தும் நெடுநேரம் கசியலாம்.

பழைய பெட்டியை நோயாளியின் அறையில் திறக்கக் கூடாது. தூசியும் பூஞ்சையும் இருக்கும். அன்று ஆர்வத்தில் நாங்கள் கூடத்திலேயே திறந்தோம். அது தவறு என்று பின்னர் அறிந்தோம். திண்ணையில் திறந்து, முகக்கவசம் அணிந்து, வேண்டியதை மட்டும் உதறி உள்ளே கொண்டுவர வேண்டும்.

வேலை தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் படுக்கையைத் தேடுங்கள். சிறு காந்தம் ஒன்று இருந்தால் தேடுவது எளிது. மருத்துவமனைக்கு ஊசி நூல் கொண்டுவருவதாயின் செவிலியரிடம் சொல்லி அனுமதி பெறுங்கள். நல்ல வெளிச்சத்தில், சாய்மானமுள்ள நாற்காலியில் அமர்ந்து, அரை மணி நேரத்திற்கு ஒருமுறையாவது எழுந்து நடப்பது நோயாளிக்கும் தைப்பவருக்கும் நல்லது.

நின்ற நாள்களும் நகர்ந்த நாள்களும்

நான்காம் சுற்றுக்குப் பின் அம்மாவால் இரவிக்கைக் கொக்கியை மாட்டவும் முடியவில்லை. ஊசியில் நூல் கோக்க முயன்று, மூன்று முறை தவறி, ஊசியை எங்களிடம் நீட்டினார். ஆனால் காது தெளிவாக இருந்தது. அடுத்த அறையில் படுத்தபடியே இயந்திரத்தின் ஓசையைக் கேட்பார். “நிறுத்து. கீழ்நூல் இழுக்கிறது, பாபினைப் பார்” என்பார். திருப்பிப் பார்த்தால் அடித்தையல் சுருண்டிருக்கும். “வளைவில் வேகமாக மிதிக்கிறாய்” என்பார். மிதித்தவளின் முகம் அவருக்குத் தெரியாது. மிதியின் தாளம் தெரிந்தது.

அந்த வாரங்களில் நாங்கள் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நோய் வந்தது முதல் வீட்டில் எல்லாரும் அம்மாவுக்குச் சொல்பவர்களாகவே இருந்தோம்: இதைச் சாப்பிடுங்கள், அதைத் தொடாதீர்கள், படுங்கள், எழுந்திருங்கள். பாவாடை விஷயத்தில் மட்டும் அவர் சொன்னார், நாங்கள் கேட்டோம். தவறாகத் தைத்ததைப் பிரிக்கச் சொன்னார், பிரித்தோம். எங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. ஐந்தாம் சுற்றுக்குப் பின் காய்ச்சல் கண்டு அம்மா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். திரும்பி வந்த பின்னும் பல நாள்கள் பேச விரும்பவில்லை. ஒரு மாலை, “அதைக் கட்டி வைத்துவிடுங்கள்” என்றார். கட்டி வைத்தோம். வற்புறுத்தவில்லை. முடித்தே தீர வேண்டும் என்று நோயாளியை நெருக்கினால் அதுவும் ஒரு சுமையாகிவிடும். மூன்று வாரம் இயந்திரம் மூடிக் கிடந்தது. பிறகு ஒரு நாள் பேத்தி பள்ளியிலிருந்து வந்து, அளவு நாடாவைத் தன் இடுப்பில் தானே சுற்றிக்கொண்டு நின்றாள். அம்மா படுக்கையிலிருந்து எழுந்து வந்து, அவள் நாடாவைத் தளரப் பிடித்திருப்பதைச் சரிசெய்தார். “23. எழுதிக்கொள்” என்றார்.

தையல் எந்த நோயையும் தீர்த்துவிடாது. மருந்தின் குமட்டலையும் விரல்களின் மரப்பையும் அது குறைக்கவில்லை. ஆறாம் சுற்றுக்காகக் காத்திருந்த நாள்களில் பேசுவதற்கு நோயைத் தவிர வேறொன்று இருந்தது; அவ்வளவே. அந்த அவ்வளவு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பாவாடையின் கீழ் ஓரத்தைக் கையால் மடித்துத் தைக்கும் வேலையில் ஒரு பகுதி, மருந்தேற்றும் அறைக்கு வெளியே, செவிலியரின் அனுமதியோடு, எங்களில் பெரியவள் கையால் நடந்தது. அருகில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம் வீட்டில் கணவர் பாதி பின்னிய நாற்காலி ஒன்று இருக்கிறது என்று சொன்னார். மேற்கொண்டு அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு மடிப்பு

மார்கழிக் கடைசியில் சம்பாப் பயிர் முற்றி, வயலெல்லாம் பழுத்துத் தலைசாய்ந்திருந்தது. பாவாடையில் ஒரு வேலைதான் பாக்கி. வளரும் பெண்ணுக்குத் தைக்கும் பாவாடையில், கரைக்கு மேலே சுற்றிலும் மடிப்புப் பிடித்துத் தைத்து வைப்பார்கள். குழந்தை உயர உயர மடிப்பைப் பிரித்துவிட்டால் பாவாடையும் நீளும்.

பட்டு நைந்திருக்கிறது, ஒரு மடிப்பே போதும் என்று நாங்கள் நினைத்தோம். அம்மாவிடம் கேட்டோம். சிகிச்சை முடிந்திருந்தது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டிய நாள்களைக் காலண்டரில் வட்டமிட்டிருந்தோம்.

அம்மா பாவாடையை மடியில் விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மூன்று விரல்களைக் கரைக்கு மேல் வைத்து ஓர் இடத்தையும், அதற்கு மேல் இன்னும் மூன்று விரல்களை வைத்து மற்றோர் இடத்தையும் காட்டினார்.

“இரண்டு பிடியுங்கள். ஒன்றை அடுத்த தைக்குப் பிரிக்கலாம். இன்னொன்றை அதற்கடுத்த தைக்கு.”

பிறகு, பிரிக்கும்போது பட்டு கிழியாமல் இருக்க, தையலை நெருக்கமாகப் போடாமல் நீளமாகப் போடச் சொன்னார். அப்படியே போட்டோம்.